கிளியின் கீழலகு

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தெற்கு லண்டனில் டூட்டிங் பகுதியில் இரண்டாம் மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. சமையலறை ஜன்னலுக்கு வெளியே வேர்க்கடலை நிரப்பிய கம்பிக்குழாய் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். காலை எட்டு மணிக்குக் கீழே புல்லெல்லாம் உறைபனி பூத்து வெளுத்துக் கிடந்தது. அந்த நேரத்தில் 'கீக் கீக்' என்று தெருவுக்கே கேட்கும் இரைச்சலோடு மூன்று பச்சைக்கிளிகள் வந்து இறங்கின. ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கடலையை உருவியது. மற்ற இரண்டும் மேலே உட்கார்ந்து தங்கள் முறைக்காக அதட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவை. நடுவே ஒன்றரை அடி இருக்கும். மெல்ல போனை எடுத்துப் படம் பிடித்து, ஊரிலிருக்கும் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

ஊர் என்றால் திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே தாமலசெருவுப் பக்கம். மாங்காய் மண்டிகளுக்குப் பேர்போன இடம். எங்களுக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறைக்கு அங்கே போகிறோம். டிக்கெட் எடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் காலண்டரில் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டு வருகிறார்கள். நான் வெளியே சொல்லிக்கொள்ளாமல் மனசுக்குள் அடிக்கிறேன். சென்னையில் இறங்கி, திருத்தணி, நகரி, புத்தூர் என்று கார் போகப் போக மலை தெரிய ஆரம்பிக்கும் அந்த இரண்டரை மணி நேரத்தை இப்போதே பலமுறை பயணம் செய்துவிட்டேன். படத்தோடு "இங்கயும் நம்ம ராமசிலுக வந்திருக்கு சித்தப்பா" என்று எழுதியிருந்தேன்.

பத்து நிமிடத்தில் குரல்பதிவாகப் பதில் வந்தது. "கிளி நல்லாத்தான் இருக்குது. ஆனா இது நம்மூரு கிளி இல்லம்மா. மூக்கப் பாரு, மேலயும் செவப்பு, கீழயும் செவப்பு. நம்முளுதுக்குக் கீழ்மூக்கு கருப்பா இருக்கும். வருசம் பூரா தோப்புல அத முடுக்கிக்கிட்டு இருக்கறவன் நான், எனக்குத் தெரியாதா?"

பறவை நூல்களைப் புரட்டிப் பார்த்தேன். சித்தப்பா சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. அந்த நாள்முதல் இந்தப் பறவையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நாம் பச்சைக்கிளி என்று பொதுவாகச் சொல்வதைத் தமிழ்ப் பறவை நூல்கள் செந்தார்ப் பைங்கிளி என்கின்றன. தார் என்றால் மாலை. ஆண்கிளி மூன்றாவது வயதை ஒட்டிக் கழுத்தில் ஒரு வளையம் அணிந்துகொள்கிறது. தாடைக்குக் கீழே கறுப்பு, பிடரியில் இளஞ்சிவப்பு. பெண்ணுக்கும் குஞ்சுக்கும் அந்த மாலை கிடையாது. உடல் நீளம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர், அதில் பாதிக்கு மேல் வால். 1769-இல் ஸ்கோபோலி என்பவர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இந்த ஒரே இனத்தில் நான்கு உட்பிரிவுகள் உண்டு. இரண்டு ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, இரண்டு ஆசியாவில். ஆசியாவில் இருப்பவற்றுள் பாகிஸ்தான், வட இந்தியப் பக்கம் வாழ்வது 'போரியாலிஸ்'. அதற்கு இரண்டு அலகும் சிவப்பு. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது 'மணிலென்சிஸ்'. மணிலா நகரத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, பெயரில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்குத்தான் மேலலகு சிவந்தும் கீழலகு கறுத்தும் இருக்கும். தென்னாட்டுக் கிளியா வடநாட்டுக் கிளியா என்பதைச் சுண்டுவிரல் நகம் அளவுள்ள கீழலகே சொல்லிவிடுகிறது.

ஐரோப்பிய நகரங்களில் பெருகியிருக்கும் கிளிகளின் மரபணுவை, அருங்காட்சியகங்களில் உள்ள பழைய பாடம்செய்த கிளிகளின் மரபணுவோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. ஐரோப்பாவில் நிலைத்துவிட்டவை பெரும்பாலும் ஆசியக் கிளிகளின் வழிவந்தவை, அதிலும் பாகிஸ்தான், வட இந்தியா போன்ற வடபகுதிகளின் சாயலே மிகுதி என்று அது கண்டது. பஞ்சாபின் பனிக்கால இரவுகளையும் இமயத்தின் அடிவாரக் குளிரையும் பல தலைமுறைகளாகத் தாங்கிப் பழகிய பறவைக்கு லண்டன் குளிர் பெரிய புதுமை இல்லை. 'வெப்பநாட்டுப் பறவை குளிர்நாட்டில் எப்படிப் பிழைக்கிறது?' என்று இங்கே பூங்காவில் நடப்பவர்கள் வியப்பதைக் கேட்டிருக்கிறேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நம் பக்கத்துக் கறுத்த கீழலகுக் கிளிகளை யாராவது இங்கே திறந்துவிட்டிருந்தால் கதை இப்படி முடிந்திருக்குமா என்று இப்போது தோன்றுகிறது.

எப்படி வந்தன என்பதற்கு லண்டனில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1960-களில் கார்னபி தெருவில் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டார் என்பது ஒன்று. 1951-இல் வந்த 'தி ஆஃப்ரிக்கன் குவீன்' படத்துக்காக ஐல்வொர்த் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்த கிளிகள் தப்பிவிட்டன என்பது இன்னொன்று. தொடர் குற்றங்கள் நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்துக் குற்றவாளி எங்கே வசிக்கிறான் என்று கணிக்கப் போலீசார் பயன்படுத்தும் ஒரு கணக்குமுறை இருக்கிறது. அதே முறையைக் கிளிகள் தென்பட்ட இடங்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும். முடிவு 2019-இல் வெளியானது. கார்னபி தெருவையோ ஐல்வொர்த்தையோ கணக்கு சுட்டவில்லை. பல இடங்களில், பல காலங்களில், கூண்டிலிருந்து தப்பியவையும் வேண்டாமென்று விடப்பட்டவையுமாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த கூட்டம்தான் இது.

வேண்டாமென்று ஏன் விட்டார்கள்? அந்த ஆய்வாளர்கள் பழைய நாளிதழ்களைத் தேடியபோது அதற்கும் பதில் கிடைத்தது. கிளிகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றும் நுரையீரல் காய்ச்சல் ஒன்று உண்டு. 1929-30-இலும் மறுபடி 1950-களின் தொடக்கத்திலும் அதைப் பற்றிய செய்திகள் பரபரப்பாக வந்திருக்கின்றன. பயந்தவர்கள் கொல்ல மனமில்லாமல் ஜன்னலைத் திறந்துவிட்டிருப்பார்கள். இங்கிலாந்தில் இவை கூடுகட்டியதற்கு 1855-இலேயே நார்ஃபோக்கில் ஒரு பதிவு இருக்கிறது. ஆனால் அந்த வம்சம் நிலைக்கவில்லை. 1969 முதல் கென்ட் தொடங்கிப் பல இடங்களில் வேர்பிடித்தவைதான் இன்று பிரிட்டனில் சுமார் 12,000 ஜோடிகளாகப் பெருகியிருக்கின்றன.

கண்ணாடி ஜன்னலுக்குத் திரும்பி வருகிறேன். ஒன்றரை அடித் தூரத்தில் ஒரு கிளி சாப்பிடுவதைப் பார்க்கக் கிடைப்பது பாக்கியம். ஊரில் இருந்தவரை ஆளைக் கண்டாலே பறக்கும் கிளியைத்தான் பார்த்திருக்கிறேன்.

காக்கைக்கும் மைனாவுக்கும் மேலலகு கிட்டத்தட்ட மண்டையோடு சேர்ந்த ஒரே துண்டு மாதிரி. கொஞ்சம் வளைந்துகொடுக்கும், அவ்வளவே. கிளிக்கு அப்படி இல்லை. நெற்றிக்குக் கீழே, அலகு தொடங்கும் இடத்தில், கதவுக் கீல் போல ஒரு மூட்டு இருக்கிறது. மேலலகு தனியாக மேலே தூக்கும், கீழே அழுத்தும். சூரியகாந்தி விதை ஒன்றை வைத்துப் பார்த்தேன். தடித்த நாக்கு அதை உருட்டி நீளவாக்கில் திருப்பியது. மேலலகின் உட்புறத்தில் அரம் போல வரிவரியாக மேடுகள் உண்டு, விதை வழுக்காமல் அதில் போய் அணைந்துகொள்கிறது. பிறகு கீழலகின் கூர்மையான முன்விளிம்பு உளிபோல வந்து தோட்டின் ஓரத்தைக் கீறியது. நாக்கு பருப்பை உள்ளே வாங்கிக்கொள்ள, இரண்டு பாதித் தோடும் ஜன்னல் விளிம்பில் விழுந்தன. நான் ஒரு விதையை நகத்தால் பிரித்து முடிப்பதற்குள் அது நாலைந்து முடித்திருந்தது. எல்லோரும் புகழ்வது மேலலகின் வளைவைத்தான். ஆனால் வெட்டுகிற வேலையைச் செய்வது கீழே அடக்கமாக இருக்கும் அந்தக் குட்டை அலகு.

அலகு கிளிக்கு மூன்றாவது காலும்கூட. கிளையில் ஏறும்போது முதலில் அலகால் கொக்கி போட்டு, பிறகு ஒரு காலைத் தூக்கி வைத்து, அடுத்ததை இழுத்துக்கொள்ளும். லவ்பேர்ட் எனப்படும் சிறுகிளிகளைச் செங்குத்தான பலகையில் ஏறவிட்டு, அலகு எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்று அளந்தார்கள். 2022-இல் வெளியான அந்த அளவீட்டின்படி அலகும் கழுத்தும் தரும் விசை காலின் விசைக்குச் சளைத்ததல்ல. கால்விரல்களும் ஏறுவதற்கென்றே அமைந்தவை. முன்னே இரண்டு, பின்னே இரண்டு, சாமணம் மாதிரி.

இன்னொன்று, அந்தப் பச்சை. கிளியின் இறகில் பச்சைச் சாயம் கிடையாது. கிளிக் குடும்பம் மட்டுமே தன் உடம்பில் தயாரித்துக்கொள்ளும் ஒரு மஞ்சள் நிறமி இறகில் இருக்கிறது. அதற்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு படலம் நீல ஒளியை மட்டும் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. நீலம் மஞ்சளைத் தாண்டி வரும்போது பச்சையாகிறது. வளர்ப்புக் கிளிகளில் நீல நிறத்தில் ஒரு வகை விற்கிறார்களே, அவை மஞ்சள் நிறமியைத் தயாரிக்கும் திறனைப் பிறவியிலேயே இழந்தவை. மழை நாளில் ஜன்னலில் உட்காரும் கிளி மங்கிப்போய் இருப்பதும், வெயில் ஒரு கீற்று பட்டதும் இளந்தளிர் நிறத்துக்கு மாறுவதும் பார்க்கச் சலிக்காது.

லண்டன் குளிரைவிடக் கடுமையானது அதன் பகல்தான். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட வெளிச்சம் இருக்காது. நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். அதற்குள் பதினாறு மணி நேர இரவுக்குத் தேவையான தீனியைத் தின்று முடிக்க வேண்டும். இலையுதிர்ந்த மரத்தில் பழமில்லை, பூவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவது மனிதர்கள். தோட்டத்துப் பறவைக்குத் தீனி வைப்பது இந்த நாட்டில் ஊறிப்போன பழக்கம். கடலையும் சூரியகாந்தி விதையும் கொழுப்புருண்டையும் வீட்டுக்கு வீடு தொங்கும். கென்சிங்டன் பூங்காவில் ஆப்பிள் துண்டைக் கையில் பிடித்து நின்றால் தோளிலேயே வந்து உட்காரும். வீடு கட்டியவனையே நம்பிப் பிழைப்பது கிளிக்குப் பழைய வித்தை. நம் ஊரில் களத்துமேடும் கோயில் கோபுரமும் எப்படியோ, இங்கே பின்கட்டுத் தோட்டம் அப்படி. எங்கள் ஊர்ப்பக்கத்துத் தலக்கோனா காட்டில் இதன் சொந்தக்காரன் ஒருவன் உண்டு, செந்தலைக்கிளி. ஆணின் தலை பழுத்த நாவலும் சிவப்பும் கலந்த நிறம். இதைவிட அழகு என்பேன். அது காட்டோரத்தை விட்டு நகரத்துக்குள் வருவதில்லை.

கிளிகள் வந்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது, அதில் நியாயமும் உண்டு. தீனிக்குழாய்க்குப் பக்கத்தில் கூண்டில் ஒரு கிளியை வைத்துப் பார்த்து 2014-இல் வெளியான லண்டன் ஆய்வில், ப்ளூ டிட் போன்ற சின்னஞ்சிறு உள்ளூர்ப் பறவைகள் வருவதும் தின்பதும் குறைந்தது தெரிந்தது. என் ஜன்னலிலும் அதைப் பார்க்கிறேன். ஆகவே இப்போது கிளி நுழைய முடியாதபடி சுற்றிலும் கம்பிவலை போட்ட இன்னொரு குழாயையும் சிட்டுகளுக்காகத் தொங்கவிட்டிருக்கிறேன். கூட்டுக்குப் போட்டி இன்னும் கடுமை. கிளி தானாகப் பொந்து குடைவது அரிது. மரங்கொத்தி விட்டுப்போனதையோ கிளை முறிந்து உளுத்த ஓட்டையையோ பிடித்துக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்ளும். உள்ளூர்ப் பறவைகள் கூட்டைப் பற்றி யோசிக்கும் முன்பே, குளிர் விடாத பிப்ரவரியிலேயே, இவை நல்ல பொந்துகளில் குடியேறிவிடுகின்றன. ஸ்பெயினின் செவில் நகரப் பூங்காவில் மரப்பொந்தில் வாழும் அரிய பெரிய வௌவால்களைக் கிளிகள் கொத்தித் துரத்தியும் கொன்றும் அவற்றின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துவிட்டதை 2018-இல் பதிவு செய்தார்கள். கிளியை எவ்வளவு நேசித்தாலும் அந்த வௌவாலுக்காக மனம் கனக்கத்தான் செய்கிறது.

சாயங்காலம் இவை கூட்டமாக உறங்கப் போவதுதான் பார்க்க வேண்டிய காட்சி. நாலு, எட்டு, இருபது என்று கூரைகளுக்கு மேலே அம்புபோல ஒரே திசையில் பறக்கும். லண்டனுக்குத் தென்மேற்கே எஷரில் ஒரு ரக்பி மைதானத்து மரங்களில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 7,000 கிளிகள் வரை அடைந்ததாகக் கணக்கு இருக்கிறது.

அதே கூட்டம் மாந்தோப்பில் இறங்கினால் என்ன ஆகும் என்று சித்தப்பாவைக் கேட்க வேண்டும். கிளி ஒரு காயை முழுசாகத் தின்று முடிக்காது. இரண்டு கொத்து கொத்திக் கீழே போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும். வடுவிலிருந்தே தொடங்கிவிடும். தகரம் தட்டுவது, கவண் எறிவது, காற்றில் மின்னும் பளபள டேப்பை வரிசை வரிசையாகக் கட்டுவது என்று எல்லாம் செய்கிறார்கள். இந்தச் சண்டை இன்று நேற்றையதில்லை. தமிழ் நிலத்துக்கு வட எல்லை என்று பழந்தமிழர் குறித்த வேங்கடம், இந்தத் திருமலைத் தொடர்தான். மலைச்சரிவில் தினைப்புனம் காத்த பெண்கள் தழல், தட்டை, குளிர் என்று கிளி ஓட்டுவதற்கென்றே தனித்தனிக் கருவிகள் வைத்திருந்ததைக் குறிஞ்சிப்பாட்டு சொல்கிறது. ஒரே பறவையை விரட்ட மூன்று கருவி செய்தவர்களுக்கு அதன் குணம் எவ்வளவு அத்துபடியாக இருந்திருக்க வேண்டும். வள்ளியும் பரணில் ஏறிக் கிளி ஓட்டியவள்தானே.

சித்தூர் மாவட்டத்து மாம்பழக்கூழ் தொழிற்சாலைகள் நம்பியிருக்கும் ரகத்துக்கு வியாபாரப் பெயர் தோதாபுரி. தோதா என்றால் இந்தியில் கிளி. நாம் அதைக் கிளிமூக்கு மாங்காய் என்கிறோம். காயின் நுனி கிளியலகு மாதிரி வளைந்து கூராக இருப்பதால் வந்த பெயர். எந்தக் கிளி தோப்பை அழிக்கிறதோ அதன் மூக்கையே காய்க்குப் பெயராக வைத்து அழைக்கிறது நம் ஊர். ஏப்ரலில் அது பழுத்திருக்காது. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடிக்கும் பதத்தில் இருக்கும். அதை நினைத்தாலே இங்கே நாக்கில் நீர் ஊறுகிறது.

ஆனால் கிளியோடு நமக்குள்ள உறவில் எனக்குப் பொறுக்காத பக்கம் ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து வரும் பச்சைப் பறவை, கழுத்தில் சிவப்பு வளையம் என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான பிளினி எழுதிவைத்தார். கூண்டு அவ்வளவு பழையது. சின்ன வயதில் பேருந்து நிலையத்தில் கிளி ஜோசியம் பார்த்துக் கைதட்டியிருக்கிறேன். அந்தக் கிளி ஏன் பறந்துபோகவில்லை என்று அப்போது யாரையும் கேட்டதில்லை. சிறகின் நீள இறகுகளை வெட்டியிருப்பார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். ஆனாலும் பொந்திலிருந்து குஞ்சுகளை எடுப்பது நின்றபாடில்லை. ஐரோப்பிய ஒன்றியம் காட்டில் பிடித்த பறவைகளை இறக்குமதி செய்வதை 2005-இல் தற்காலிகமாகவும் 2007-இல் நிரந்தரமாகவும் தடைசெய்தது. என் ஜன்னலுக்கு வரும் கிளிகள் யாரோ பொந்துக்குள் கையை விட்டோ வயலில் வலை வீசியோ எடுத்தவற்றின் வழிவந்தவை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அவற்றை வெறுமனே ரசிக்க முடிவதில்லை.

திருமலைக்கு வருஷந்தோறும் போகும் ஒரு கிளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புரட்டாசி பிரம்மோற்சவக் கருட சேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக்களைந்த மாலையோடு ஒரு கிளியும் போகும். ஆண்டாளின் கையில் இருக்கும் அந்தக் கிளியை இலைகளாலும் பூக்களாலும் அன்றன்று புதிதாகச் செய்கிறார்கள். உடம்புக்கு மரவள்ளி இலை. மூக்குக்கு மாதுளம்பூ. மாதுளம்பூவின் சிவப்பும் அந்த வளைந்த உதடும் கிளியலகுக்கு எவ்வளவு பொருத்தம் என்று, பக்கத்தில் கிளியைப் பார்த்தவர்களால்தான் யோசித்திருக்க முடியும்.

போன வாரம் சித்தப்பா ஒரு படம் அனுப்பினார். போனில் பெரிதாக்கி எடுத்தது, கிளி ஒரு பச்சைப் புள்ளியாகத்தான் தெரிகிறது. அலகு தெரியவில்லை. தோப்பு ஓரத்தில் தலையில்லாத பனை ஒன்று நிற்கிறது, அதன் பொந்தில் ஒரு ஜோடி முட்டை வைத்திருக்கிறதாம். மூன்று நாலு முட்டை இருக்கும், மூன்று வாரத்துக்கு மேல் அடைகாக்கும். குஞ்சு பொரித்தால் ஏழு வாரம் பொந்துக்குள் இருக்கும். நாங்கள் போய்ச் சேரும்போது இறகு முளைத்துத் தலையை வெளியே நீட்டும் பருவம் வந்திருக்க வேண்டும். பெட்டியில் முதலில் எடுத்து வைத்தது பைனாகுலரைத்தான்.

"அதெல்லாம் எதுக்கு" என்றார் சித்தப்பா போனில். "மோட்டார் ரூம் மேல ஏறி உக்காந்தா பொந்து கண்ணுக்கு நேரா இருக்கும். காத்தால ஆறு மணிக்குள்ள வந்துடு. பிள்ளைங்களையும் கூட்டியா, சத்தம் மட்டும் போடக்கூடாதுன்னு சொல்லி வை."